கறிவேப்பிலையில் தொடங்கும் கோடை



வெயில் ஏறத் தொடங்கியதும் பறவை பார்ப்பவர்கள் பலர் தொலைநோக்கியை உறைக்குள் போட்டு அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். பள்ளிக்கரணையிலும் கோடியக்கரையிலும் குளிர்காலத்தைக் கழித்த உள்ளான்கள் வடக்கே திரும்பியிருக்கும். தோட்டத்துச் சருகைக் கிளறிக்கொண்டு, பொழுது சாயும் நேரத்தில் தவறாமல் குரல் கொடுத்த ஆறுமணிக்குருவியும் வட இந்தியக் காடுகளை நோக்கிக் கிளம்பியிருக்கும். இனி பார்க்க என்ன இருக்கிறது என்று தோன்றுவது இயல்பு. போனவை விருந்தாளிகள். வீட்டுக்காரப் பறவைகள் கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சுக்கு இரை தேடி அலைவது பெரும்பாலும் பங்குனிக்குப் பிறகுதான். அதைப் பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. கொல்லைப்புறத்தில் ஒரு செடி இருந்தால் போதும். அந்தச் செடி கறிவேப்பிலையாக இருந்தால் இன்னும் நல்லது.

ஏன் கறிவேப்பிலை? பட்டாம்பூச்சி பூவுக்காக வருகிறது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். தேன் குடிக்கப் பூ வேண்டும், சரி. ஆனால் தாய்ப் பட்டாம்பூச்சிக்கு வேண்டியது இலை. அதுவும் எந்த இலையானாலும் ஆகாது. ஒவ்வோர் இனத்துக்கும் தனக்கென்று சில செடிகள் உண்டு. அவற்றில்தான் அது முட்டையிடும். எலுமிச்சை, நாரத்தை, வில்வம், கறிவேப்பிலை என்று ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்த செடிகளைத் தேடி வருவது எலுமிச்சை அழகி. கறுப்புச் சிறகில் வெளிர்மஞ்சள் திட்டுகளும் பின்சிறகில் ஒரு செம்பொட்டும் உள்ள பெரிய பூச்சி அது. ஓரிடத்தில் நில்லாமல் பறந்துகொண்டே இருக்கும். காலை 9 மணி அளவில் அது கறிவேப்பிலைக் கொழுந்தில் ஒரு நொடி தொட்டு எழுந்து, அடுத்த கொழுந்தைத் தொட்டால், பார்ப்பவர் அந்த இலையை மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். காலால் இலையைத் தட்டி, அதன் சுவையை அறிந்த பிறகே அது வயிற்றை வளைக்கிறது. பட்டாம்பூச்சியின் காலிலேயே சுவை உணரும் உறுப்பு இருக்கிறது. பின்னர் போய்ப் பார்த்தால், இலையில் கடுகைவிடச் சிறியதாக, மங்கிய மஞ்சள் நிறத்தில், உருண்டையாக ஒரே ஒரு முட்டை இருக்கும்.

சில நாளில் அது பொரிந்து வரும் புழுவைப் பார்த்தவர்கள் அதைப் புழு என்று நினைப்பதே இல்லை. கரும்பழுப்பு உடல், நடுவில் வெள்ளைத் திட்டு, மேலே ஈரம்போல ஒரு பளபளப்பு. அச்சு அசல் பறவை எச்சம். இரை தேடும் பறவை எதைப் பார்த்தாலும் கொத்தும், தன் எச்சத்தைக் கொத்தாது. புழு வளர்ந்து, எச்சம் என்று நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாகும்போது, தோல் உரித்து ஒரே நாளில் இலைப் பச்சைக்கு மாறுகிறது. அப்போதும் யாராவது சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டாகப் பிளந்த ஓர் உறுப்பை நீட்டுகிறது. கூடவே நெடியும் வருகிறது. எறும்பும் சிலந்தியும் விலகிப்போக அது போதும். பெரிய பறவையிடம் அவ்வளவாகச் செல்லாது. அதனால்தான் பச்சை நிறம் தேவைப்படுகிறது. கடைசியில் ஒரு கிளையில் தன்னைப் பட்டு இழையால் இடுப்போடு கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகிறது. சுற்றிலும் பச்சையிருந்தால் பச்சைக் கூடு, காய்ந்த குச்சியிலோ சுவரிலோ என்றால் பழுப்புக் கூடு. முட்டையிலிருந்து சிறகு வரை கோடையில் எல்லாம் ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். பள்ளி விடுமுறைக்குள் ஒரு பிள்ளை இதை முழுக்கப் பார்த்துவிடலாம். விடுமுறையில் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

இதே செடிக்கு இன்னொரு தாயும் வருவாள்: கறிவேப்பிலை அழகி. அவளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

இந்த இனத்தின் ஆண் கறுப்பு. பின்சிறகின் குறுக்கே வெள்ளைப் புள்ளிகளால் ஆன ஒரு பட்டை இருக்கும். பெண் மட்டும் மூன்று உருவங்களில் வருகிறாள். ஒன்று ஆணைப் போலவே இருக்கும். இரண்டாவது ரோஜா அழகி என்ற வேறோர் இனத்தைப் போல இருக்கும். மூன்றாவது சிவப்புடல் அழகியைப் போல இருக்கும். அந்த இரண்டு இனங்களும் ஆடுதீண்டாப்பாளையைத் தின்று வளர்ந்தவை. ஆடுகூட வாய் வைக்காத அந்தக் கொடியின் நஞ்சு புழுவின் உடலில் தங்கி, பட்டாம்பூச்சியிலும் தொடர்கிறது. தின்ற பறவை கக்கிவிடும். மறுமுறை அந்தச் சிவப்பையும் கறுப்பையும் கண்டால் தொடாது. கறிவேப்பிலை தின்று வளர்ந்தவளிடம் அந்த நஞ்சு இல்லை. ஆனால் அந்த உடையைப் போட்டுக்கொண்டதால் அவளும் பிழைக்கிறாள்.

இப்படி நஞ்சில்லாதது நஞ்சுள்ளதைப் போலத் தோன்றித் தப்பிப்பதை, அமேசான் காட்டில் பல ஆண்டுகள் இருந்து திரும்பிய ஹென்றி பேட்ஸ் 1862இல் விளக்கினார். கறிவேப்பிலை அழகியின் பெண்கள் தனித்தனி இனங்கள் அல்ல, ஒரே இனத்தின் வெவ்வேறு உருவங்கள் என்று 1865இல் எழுதியவர், டார்வினோடு இயற்கைத் தேர்வுக் கொள்கையைக் கண்ட ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். ஆணுக்கு அந்த உடை இல்லாமல் பெண்ணுக்கு மட்டும் எப்படி வந்தது என்ற கேள்வி அதன் பிறகும் நூறாண்டுகளுக்கு மேல் நின்றது. 2014இல் கிருஷ்ணமேக் குந்தேயும் அவருடன் ஆராய்ந்தவர்களும் நேச்சர் இதழில் விடையை வெளியிட்டார்கள். பூச்சிகளில் ஆண், பெண் வேறுபாட்டை வகுக்கும் 'டபுள்செக்ஸ்' என்ற ஒற்றை மரபணுவே அந்தச் சிறகுக் கோலத்தையும் தீர்மானிக்கிறது. உலகின் பெரிய அறிவியல் இதழ் ஒன்றில் இடம்பெற்ற அந்த உயிர், ரசத்துக்குக் கிள்ளும் கொத்தின் மேல் நம் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. இதைவிடப் பெருமைப்பட ஒரு தோட்டத்துக்கு என்ன வேண்டும்?

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தச் சிறகில் உள்ள ஒவ்வொரு புள்ளியையும் தேர்ந்தெடுத்தது பறவையின் கண். ஏமாந்த பறவை விட்டுவைத்த உருவம் பெருகியது. ஏமாறாத பறவை கொத்திய உருவம் அழிந்தது. பட்டாம்பூச்சியைப் பார்ப்பவரும் பறவையைப் பார்ப்பவரும் தனித்தனிக் கழகங்கள் வைத்துக்கொள்ளலாம். தோட்டத்தில் அந்த இரண்டையும் பிரிக்க முடியாது.

எருக்கஞ்செடிக்கும் இதே கதை உண்டு. வெந்தய நிறச் சிறகின் ஓரத்தில் கறுப்பு வெள்ளைக் கரை கட்டிய வெந்தய வரியன், எருக்கிலையைத் தின்று அதன் நஞ்சைச் சேர்த்துவைக்கிறது. பறவைகளிடம் அதற்குப் பயமில்லை. ஆடி அசைந்து மெல்லப் பறக்கும். அதைப் போலவே உடுத்தி வரும் வேறோர் இனத்தின் பெண், முட்டையிட வருவது பருப்புக்கீரைக்கு. பின்சிறகின் நடுவே சில கரும்புள்ளிகள் இருந்தால் அசல், ஒன்றே ஒன்று சிறகின் மேல்விளிம்பில் இருந்தால் நகல். வாசலோரம் தானாக முளைத்த பருப்புக்கீரையைக் களை என்று பிடுங்கிப் போடும்முன் அதன் இலையடியைத் திருப்பிப் பார்க்கலாம்.

உயிரோடு தப்பிய பூச்சிகளின் உடலிலும் சாட்சி இருக்கும். பின்சிறகின் ஓரத்தில் முக்கோணமாக ஒரு துண்டு காணாமல் போயிருந்தால், பெரும்பாலும் அது அலகின் வேலை. சில வேளை ஓணானின் வேலை. இரண்டு பக்கமும் ஒரே அளவில் வெட்டியிருந்தால், சிறகை மூடி உட்கார்ந்திருந்தபோது தாக்கியிருக்கிறது என்று அறியலாம். அவரைப் பந்தலில் திரியும் நீலச் சிறுபூச்சிகளின் பின்சிறகு முனையில் மெல்லிய வாலும் கண்போன்ற புள்ளியும் இருக்கும். அதைத் தலை என்று நினைத்துக் கொத்தும் எதிரிக்குச் சிறகின் ஒரு சிறு துண்டுதான் கிடைக்கிறது.

இனி கொத்துகிறவர்களிடம் போவோம். கறிவேப்பிலையை விட்டு வெகுதூரம் போக வேண்டாம். அதன் அருகிலேயே செம்பருத்தியோ எலுமிச்சையோ கத்தரியோ இருந்தால், அந்தப் புதரில் வாலைத் தூக்கிக்கொண்டு ஓர் ஆலிவ்பச்சைக் குருவி துள்ளும். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். குரலோ தெருவுக்கே கேட்கும். தையல்சிட்டு. ஓர் அகன்ற இலையையோ இரண்டு மூன்று இலைகளையோ சேர்த்துவைத்து, விளிம்பில் அலகால் துளையிட்டு, சிலந்தி இழையையும் பஞ்சையும் அந்தத் துளை வழியே இழுக்கிறது. முடிச்சுப் போடுவதில்லை. இழையின் முனை துளைக்கு வெளியே பிசிறாகப் பருத்து நிற்பதால் அது நழுவுவதில்லை. தைப்பது பெண். இலை செடியிலேயே உயிரோடு இருப்பதால் கூடும் பச்சையாகவே இருக்கும். கண்ணெதிரே இருந்தாலும் தெரியாது. பெற்றோர் இருவரும் வாயில் எதையோ வைத்துக்கொண்டு ஒரே திசையில் மறைவதைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். கண்டுபிடித்தபின் கிட்டப் போகாமல் இருப்பது நல்லது. ஆள் நடமாட்டத்தைக் காகமும் பூனையும் கவனித்துக்கொண்டிருக்கும்.

வாயில் அவை வைத்திருப்பது பெரும்பாலும் பூச்சியும் சிறு புழுவும் சிலந்தியும். தேன் குடிக்கும் தேன்சிட்டுகூடத் தன் குஞ்சுக்குச் சிலந்தியையும் பூச்சியையும்தான் ஊட்டுகிறது. வளர்ந்தபின் தானியம் தின்னும் சிட்டுக்குருவியும் அப்படியே. வளரும் குஞ்சுக்குப் புரதம் வேண்டும். அது புழுவில் இருக்கிறது. புழுவோ தனக்குரிய இலையில்தான் இருக்கும். இதை அளந்து பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் நகரைச் சுற்றியுள்ள வீட்டுத் தோட்டங்களில் கரோலினா சிக்கடி என்ற சிறுகுருவியைத் தொடர்ந்து பார்த்து, 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தோட்டத்துச் செடிகொடிகளில் 70 விழுக்காட்டுக்குக் குறையாமல் அந்த மண்ணுக்குரியவையாக இருந்த இடங்களில்தான் அந்தக் குருவியால் எண்ணிக்கை குறையாமல் குஞ்சு பொரிக்க முடிந்தது. அழகுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த செடிகள் பச்சையாகத்தான் இருந்தன. அவற்றில் புழு இல்லை. அந்தக் கணக்கை அப்படியே சேலத்துக்கோ நாகர்கோவிலுக்கோ பொருத்த முடியாது. காரணம் மட்டும் எங்கும் ஒன்றுதான்.

ஒரு துளைகூட இல்லாமல் இலைகள் பளபளவென்று நிற்கும் தோட்டத்தைப் பலர் நல்ல தோட்டம் என்கிறார்கள். பறவைக்கு அது காலியான அடுப்படி.

மாமரம் உள்ளவர்கள் இலையின் நடுநரம்பைப் பார்க்கலாம். அதன்மீது நீளவாக்கில் படுத்து, இருபுறமும் இறகு விரித்தாற்போன்ற முட்களால் தன் நிழலையே மறைத்துக்கொள்ளும் பச்சைப் புழு ஒன்று அதில் இருக்கும். பார்த்துக்கொண்டே இருக்கும்போதே கண்ணிலிருந்து நழுவிவிடும். சரக்கொன்றை மஞ்சளாகப் பூத்துத் தொங்கும் சித்திரையில் அதன் கொழுந்துகளைச் சுற்றி வெளிர்மஞ்சள் பூச்சிகள் பறக்கும். அவற்றின் புழு தின்பது கொன்றையிலை. நெட்டிலிங்கத்தில் பச்சைப் புள்ளிச் சிறகுள்ள ஒன்று வளரும். அரளியில் வளரும் கரும்பழுப்புப் பூச்சியின் கூட்டுப்புழு பொன்னும் வெள்ளியும் பூசியதுபோல மின்னும். முதன்முறை பார்க்கும் யாரும் அதை உயிருள்ள பொருள் என்று நம்புவதில்லை.

அந்த அரளிப் பூச்சியும் அதன் உறவான நீல வரியனும் கோடைக் கடைசியில் வலசை போகின்றன. தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலையில் கொட்டத் தொடங்கும்முன் அவை கூட்டங்கூட்டமாகக் கிழக்கே சமவெளிக்கு வருகின்றன. மழைக்காலம் முடிந்து ஆண்டின் கடைசி மாதங்களில் மலைக்குத் திரும்புகின்றன. வலசை என்றால் பறவைக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம்.

கத்திரி வெயில் வந்துவிட்டால் தோட்டத்துக்கு ஒரு கால அட்டவணை தானாக அமைந்துவிடும். விடியலிலிருந்து 8 மணிவரை பறவைகளின் நேரம். குண்டுகரிச்சான் உச்சாணிக் கொம்பில் நின்று பாடும். குயிலின் ஆண் கூவிக்கொண்டே இருக்கும். உடலெங்கும் வெள்ளைப் புள்ளி போட்ட பழுப்புப் பெண் சத்தமில்லாமல் காகத்தின் கூட்டைச் சுற்றும். குயில் முட்டை காகத்தினதைவிட இரண்டு மூன்று நாள் முன்பே பொரிந்துவிடுவதால் உணவுக்கு அதற்குத்தான் முதல் உரிமை. தவிட்டுக்குருவிகள் கும்பலாக இறங்கிச் சருகைப் புரட்டும். மஞ்சள் அலகும் வெளுத்த தலையும் கொண்ட இந்தத் தவிட்டுக்குருவி தென்னிந்தியாவையும் இலங்கையையும் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. தினமும் பார்ப்பதால் நாம்தான் அதற்கு மரியாதை தருவதில்லை.

8 மணிக்கு மேல் பட்டாம்பூச்சிகளின் முறை. சிறகை விரித்து வெயிலில் உடலைச் சூடேற்றிக்கொண்ட பிறகே அவை பறக்கும். 11 மணிக்குள் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட வேண்டும். அதன்பின் இலைக்கடியில் ஒளிந்துகொள்ளும்.

நடுப்பகலில் பார்க்க வேண்டிய இடம் தண்ணீர். பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து, தொண்டையைப் படபடவென்று அதிரவைத்து, உள்ளே உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் அது சூட்டைத் தணிக்கிறது. மே மாதத்தில் காகம் வாய் பிளந்து உட்கார்ந்திருப்பது அதனால்தான். இழந்த நீரை ஈடுகட்ட அதற்குத் தண்ணீர் வேண்டும். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் அகன்ற மண்தட்டு ஒன்று போதும். ஆழம் இரண்டு அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சிறுகுருவி இறங்காது. நடுவில் ஒரு கல் வைக்கலாம். புதரிலிருந்து நாலைந்து அடி தள்ளி, உயரமான இடத்தில் வைத்தால் பூனை பதுங்க முடியாது. தினமும் தேய்த்துக் கழுவி மாற்ற வேண்டும். டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏறத்தாழ ஒரு வாரமே போதும். பக்கத்தில் ஈரமணல் நிரப்பிய இன்னொரு தட்டு வைத்தால் ஆண் பட்டாம்பூச்சிகள் வந்து உறிஞ்சும். தேனில் கிடைக்காத உப்பை அவை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன.

பொழுது சாய்ந்து, மற்ற பூச்சிகள் அடங்கியபின் ஒன்று கிளம்பும். புல்லிலும் நெல்லிலும் வளரும் பழுப்பு நிறப் பூச்சி. கீழே விழுந்து அழுகும் மாம்பழத்திலோ சப்போட்டாவிலோ வந்து உட்காரும். மழைக்காலத்தில் பிறந்ததானால் சிறகின் அடியில் வரிசையாகக் கண்புள்ளிகள் இருக்கும். கோடையில் பிறந்ததில் அவை சுருங்கி மறைந்து, சிறகு முழுக்கக் காய்ந்த சருகின் நிறமாக இருக்கும். சருகு நிறைந்த காலத்தில் சருகாக இருப்பதுதான் காப்பு. புழுவாக இருக்கும்போதே வெப்பமும் ஈரமும் அந்த உடையை முடிவு செய்துவிடுகின்றன. ஒரே இனம், ஒரே தோட்டம், பருவத்துக்கு ஒரு சிறகு.

தேன்சிட்டைப் பற்றி ஒன்று சொல்லாமல் விடக் கூடாது. அது மனிதர் நடமாடும் இடத்தை விரும்பிக் கூடு கட்டுகிறது. துணிக்கொடியின் முனையில், பால்கனிக் கம்பியில், போகன்வில்லாக் கிளையில் தொங்கும் அந்தக் கூட்டை உற்றுப் பார்த்தால் சிலந்தி வலை, மரப்பட்டைத் துணுக்கு, சருகு, இவற்றோடு புழுக்களின் எச்சமும் ஒட்டியிருக்கும். இலை தின்ற புழு குஞ்சுக்கு இரையாகிறது. அதன் எச்சம் கூட்டுக்குப் பூச்சாகிறது. கூடு கட்டும் காலத்தில் ஆண் தேன்சிட்டு கார்க் கண்ணாடியிலும் சன்னலிலும் தன் உருவத்தைப் பார்த்துப் போட்டிக்காரன் என்று கொத்திக் கொத்திக் களைத்துப்போகும். கண்ணாடிக்கு ஒரு பழைய துணியை மாட்டினால் அந்த வேதனை தீரும். கூடு உள்ள கொடியில் குஞ்சு பறந்துபோகும்வரை துணி உலர்த்தாமல் இருப்பது பெரிய தியாகம் இல்லை.

சில வேண்டுகோள்கள். கறிவேப்பிலைக்குப் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். அந்த இலையை நாமும்தானே உண்கிறோம். வேப்பெண்ணெய் இயற்கையானது, கெடுதல் இல்லை என்று அடிப்பவர்களும் உண்டு. புழு தோல் உரிப்பதையே தடுக்கும் பொருள் அதில் இருக்கிறது. ஒரு செடி சமையலுக்கு, ஒரு செடி பூச்சிக்கு என்று இரண்டு வைத்துக்கொண்டு, புழுவை இலையோடு கிள்ளி மாற்றிவிடலாம். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கும் இரண்டு தொட்டி வைக்க இடம் கிடைக்கும். மாடியில் தானியம் கொட்டுவதைக் குறைத்துக்கொள்வது நல்லது. அதற்கு வருவது பெரும்பாலும் மாடப்புறா. பட்டாம்பூச்சி வருமே என்று உன்னிச்செடியை நடாதீர்கள். நம் காடுகளை விழுங்கிவரும் அயல்செடி அது. இட்லிப்பூவும் கனகாம்பரமும் தும்பையும் போதும்.

இப்படி வீட்டருகே உள்ள உயிர்களைக் கவனித்தவர்களில் ஒருவர் இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன். அவர் 1950இலிருந்து 1996இல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். யானையைப் பற்றி எழுதிய அதே கவனத்தோடு வீட்டருகே திரியும் காகத்தையும் அணிலையும் பற்றி எழுதினார். தமிழிலும் எழுதினார். சென்னைவாசியான அவருக்குத் தன் வீட்டைச் சுற்றியிருந்தவையும் ஆராயத்தக்கவையாகவே இருந்தன.

அவரைப் போல நாமும் பார்த்ததை எழுதிவைக்க வேண்டும். நாள், நேரம், செடி, என்ன செய்தது: நான்கு வரி போதும். பறவைகளை இ-பேர்ட் செயலியில் பதிவு செய்யலாம். 2023இல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை, சுமார் 30,000 பேர் அதில் சேர்த்த 3 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளைக் கொண்டு எழுதப்பட்டது. குயில் பெருகிவருகிறது என்று நாடு முழுமைக்கும் சொல்ல முடிந்ததும் அந்தப் பதிவுகளால்தான். ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை உலகம் முழுவதும் பறவைகளை எண்ணும் நாள். அன்று காலை 6 மணிக்குப் பிள்ளைகளை எழுப்பி, கொல்லைப்புறத்தில் 15 நிமிடம் உட்காரவைத்து, பார்த்ததைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.